உறுதித் தன்னாட்சி: ஒரு சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

> 'சுயாட்சி' என்ற ஒரு சொல் போதாதா? கூட்டாட்சி நாடா, ஒற்றையாட்சி நாடா என்று சொல்லிவிட்டால் மிச்சம் தானே விளங்கும்.

விளங்காது அண்ணா. பின்லாந்து ஒற்றையாட்சி நாடு. ஆனால் அதன் ஓலந்து தீவுகளின் தன்னாட்சிச் சட்டத்தைத் திருத்த, அந்தத் தீவுகளின் சட்டமன்றமும் சம்மதிக்க வேண்டும். 1920இல் தொடங்கிய ஏற்பாடு அது. இந்தியாவைக் கூட்டாட்சி என்கிறோம். 2019இல் ஜம்மு காஷ்மீர் இரண்டு ஒன்றியப் பிரதேசங்களாக்கப்பட்டபோது அங்கே கேட்பதற்குச் சட்டமன்றமே இருக்கவில்லை. முந்தைய ஆண்டே கலைத்திருந்தார்கள். கொடுத்ததை, வாங்கியவரைக் கேட்காமல் திரும்ப எடுக்கலாமா என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் நம்மிடம் சொல் இல்லை.

திருகோணமலையில் எங்கள் வீட்டு றங்குப்பெட்டியில் இரண்டு கடதாசிகள் இருக்கின்றன. ஒன்று வீட்டு வளவின் உறுதி, அதாவது நொத்தாரிசு எழுதிய சொத்துப் பத்திரம். மற்றது தம்பலகாமத்து வயலின் பெர்மிட், அரசாங்கம் நிபந்தனையோடு கொடுத்த காணி அனுமதிப் பத்திரம். மடிப்புக் கிழிந்து, அப்பா பின்பக்கம் டேப் ஒட்டி வைத்தது. இரண்டு நிலமும் எங்களுடையதுதான் என்று ஊர் சொல்லும். ஆனால் வயலை ஈடு வைக்கவோ கைமாற்றவோ பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். நிபந்தனை மீறினால் பெர்மிட்டை ரத்துச் செய்யலாம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அப்படி. இந்த வித்தியாசம் கிழக்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அதனால் என் முன்மொழிவு: பிரதேசத்தின் சம்மதமின்றி மாற்ற முடியாததை 'உறுதித் தன்னாட்சி' என்போம். மத்திய அரசு நினைத்தால் மீளப் பெறக்கூடியதை 'அனுமதித் தன்னாட்சி' என்போம். ஓலந்து முதல் வகை. 1972இல் லண்டன் இடைநிறுத்தி, அடுத்த ஆண்டே ஒழித்துவிட்ட வட அயர்லாந்து நாடாளுமன்றம் இரண்டாம் வகை.

நம் இலங்கையின் மாகாண சபைகளும் இரண்டாம் வகைதான். அவற்றை உருவாக்கிய 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது, உண்மை. ஆனால் சபைகள் மறுத்தாலும் நாடாளுமன்றம் மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் அதை மாற்றலாம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லை, ஆளுநர்தான் நடத்தினார். இதை 'அதிகாரப் பகிர்வு' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை. பகிர்வு என்றால் இரு பக்கமும் பங்குக்காரர் அல்லவா?

தமிழ்நாட்டில் 'பத்திரம்' என்பீர்கள், 'உறுதி' அங்கே வேறு பொருளில் வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, வரட்டும். அசையாதது என்ற பொருளும் இங்கே பொருந்தத்தான் செய்கிறது.

இனி வினைச்சொல். ஓர் அதிகாரத்தை இப்படி அசைக்க முடியாதபடி சட்டத்தில் பதிப்பதை 'உறுதி எழுதுதல்' என்று சொல்லலாமா? "காணி அதிகாரம் மாகாணத்துக்கு உறுதி எழுதப்பட வேண்டும்" என்று எழுதிப் பார்த்தேன். எங்கள் தெருவில் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவைப்படாது. மற்ற ஊர்க்காரர்களுக்கு எப்படிக் கேட்கிறது?