140 டன் கிரேன் ஏன் சாய்ந்தது?

பொருநைக்கரை (பாளையங்கோட்டை):
மாடியறையில் இருக்கும் என் மாடல் ரயில் லேஅவுட்டுக்காக, தடம் புரண்ட வண்டிகளைத் தூக்கும் நம் ரயில்வேயின் 140 டன் பிரேக்டவுன் கிரேனை 1:87 அளவில் பிவிசி ஷீட்டில் செய்து முடித்தேன். கயிற்றுக்குத் தூண்டில் நரம்பு. நேற்று தடம் புரண்ட மாடல் இன்ஜினைத் தூக்கிப் பார்த்தேன். நரம்பு விறைத்தது, கிரேனின் ஒரு பக்கச் சக்கரங்கள் மெதுவாக எழும்பின, அப்புறம் மொத்தமாக இன்ஜின் மேலேயே சாய்ந்துவிட்டது. அடியில் தூண்டில் ஈயக்குண்டு ஒட்டினால் நிற்கும். ஆனால் அது ஏமாற்று வேலை ஆகிவிடாதா?

அல்வா டப்பா:
கொக்கியை இன்ஜின் மேல் மாட்டிப் பசை போட்டு வையுங்கள். பார்க்கிறவன் தூக்கிக் காட்டு என்று கேட்கவா போகிறான்?

ஜங்ஷன் ஆள்:
தம்பி, பிரேக்டவுன் கேங்கில் இருந்தவன் சொல்கிறேன். ஈயம் கிடக்கட்டும், அவுட்ரிகர் (பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் கைகள்) எங்கே? போட்டிருக்கும் படத்தில் நாலு கையும் மடங்கியே இருக்கிறது. நிஜத்தில் முதல் வேலையே அதுதான். கைகளை நீட்டி, கீழே ஸ்லீப்பர் கட்டை அடுக்கி, ஜாக்கியை இறக்கி ஊன்றிய பிறகுதான் கொக்கி இறங்கும். வெறும் சக்கரத்தில் நின்றால் தூக்கும் திறன் சரசரவென்று குறைந்துவிடும். ஊன்றி நின்றாலும் 140 டன் என்பது பூம் (கிரேனின் தூக்கும் கை) கிட்டத்தில் இருக்கும்போதுதான். எட்டிப் பிடிக்கப் பிடிக்கக் கணக்கு இறங்கிக்கொண்டே போகும். இன்னொன்று, இன்ஜினை முழுசாக அந்தரத்தில் தூக்குவது சினிமா. ஒரு முனையைத் தூக்கித் தண்டவாளத்தில் வைப்போம், பிறகு மறுமுனை. முழுசாகத் தூக்க வேண்டுமென்றால் இரண்டு கிரேன்.

செங்கோட்டைக்காரன்:
அண்ணாச்சி, கிரேன் காலமே போய்க்கொண்டிருக்கிறது. இன்றைக்குப் பல இடங்களில் ஜாக்கி வேலைதானே? அலுமினிய பீமை அடியில் செருகி, ஹைட்ராலிக் ஜாக்கியால் தூக்கி, உருளையில் பக்கவாட்டில் நகர்த்தித் தண்டவாளத்தில் இறக்கினால் முடிந்தது. கிரேன் என்றால் மேலே 25,000 வோல்ட் கம்பி. பவர் பிளாக் (மின்சாரத்தை நிறுத்த அனுமதி) வாங்கி, கம்பியை ஒதுக்கி, பூமை நிமிர்த்துவதற்குள் பொழுது விடிந்துவிடும். எங்கள் ஊர் மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். கழுதுருட்டி 13 கண் பாலத்தின் மேல் அவுட்ரிகரை எங்கே ஊன்றுவீர்கள், காற்றிலா? கிரேனின் எடையே பாலத்துக்குப் பாரம்.

ஜங்ஷன் ஆள்:
பாலத்துக்குப் பாரம் என்ற பேச்சு நூறு வருஷப் பழசு. அதற்குத்தான் ரான்சம்ஸ் அண்ட் ராப்பியர் கம்பெனியின் வில்ஃப்ரட் ஸ்டோக்ஸ் நீராவி கிரேனுக்கு ரிலீவிங் போகி (எடையைத் தாங்கும் கூடுதல் சக்கரச் சட்டம்) கண்டுபிடித்தார். முன்னும் பின்னும் கூடுதல் போகி கோத்து, ஓடும்போது எடையைப் பரப்பிவிடுவார்கள். வேலைக்கு நிற்கும்போது கழற்றிவிடுவார்கள். (முதல் உலகப்போரின் ஸ்டோக்ஸ் மார்ட்டர் பீரங்கியும் அந்த ஆள் செய்ததுதான்.) பாலத்தின் மேல் ஜாக்கி நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேகன் கரையிலிருந்து உருண்டு வாய்க்காலில் கிடந்தால்? ஜாக்கி தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கிடப்பதைத்தான் ஏற்றும். கீழே கிடப்பதை மேலே கொண்டுவர கிரேன்தான் வேணும்.

செங்கோட்டைக்காரன்:
அதெல்லாம் என்றைக்கோ ஒரு நாள்.

ஜங்ஷன் ஆள்:
அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் எண்ணெய் போட்டு நிறுத்தி வைத்திருக்கிறோம். சைரன் அடித்தால் சாப்பாட்டுத் தட்டில் கை கழுவிவிட்டு ஓடியவனிடம் இதைச் சொல்லாதீர்கள்.

பொருநைக்கரை:
இரண்டு பேருக்கும் நடுவில் நான் கொஞ்சம் கணக்குப் போட்டேன். நீளம் 87-ல் ஒன்று என்றால் எடை 87-ஐ மூன்று தடவை பெருக்கியதில் ஒன்று. அதாவது 6,58,503-ல் ஒரு பங்கு. 123 டன் டபிள்யூஏஜி-9 சரக்கு ரயில் இன்ஜின் மாடலில் 187 கிராம்தான் இருக்க வேண்டும். தெரிந்த நகைக்கடைத் தராசில் என் இன்ஜினை வைத்தேன், 410 கிராம்! டைகாஸ்ட் (அச்சில் வார்த்த உலோக) அடிப்பாகம். கிரேன் உடம்போ வெறும் பிவிசி. ஆக, நான் தூக்கச் சொன்னது இரண்டு இன்ஜின் எடைக்கும் மேலே. நரம்பு அறுந்துவிடும் என்றுதான் பயந்தேன், அது அசையவே இல்லை.

அல்வா டப்பா:
அப்போ ஈயம் ஏமாற்று இல்லை. இன்ஜின்தான் ஏமாற்று.

பொருநைக்கரை:
அதேதான். ஈயம் 150 கிராம் உள்ளே போட்டேன். அண்ணாச்சி சொன்னபடி நாலு கையையும் நீட்டி, அடியில் தீக்குச்சியை வெட்டி ஸ்லீப்பர் கட்டை மாதிரி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினேன். ஒரு முனை மட்டும் தூக்கினால் கிரேன் அசையாமல் நிற்கிறது. படம் கீழே.

ஜங்ஷன் ஆள்:
கட்டை அடுக்கு நல்லாருக்கு. ஆனால் பூமுக்கு மேலே கம்பி அப்படியே ஓடுகிறதே தம்பி, பவர் பிளாக் வாங்கியாச்சா?

செங்கோட்டைக்காரன்:
நான் சொன்னேனில்ல. ஜாக்கி.