பாஸ்போர்ட் பையில், நாங்கள் பந்தலில்

2018-ல் ஜி.டி.எஸ். (கிராமப்புற அஞ்சலகங்களில் வேலை பார்க்கும், நிரந்தரமில்லாத கிராமின் டாக் சேவக்) ஊழியர்கள் நடத்திய வேலைநிறுத்தம் பற்றி ஆளாளுக்கு எழுதுவதைப் பார்த்து நானும் எழுதுகிறேன். அப்போது பெரியபட்டினம் பக்கம் ஒரு கிளை அஞ்சலகத்தில் பட்டுவாடா பார்த்துக்கொண்டிருந்தேன். ஏட்டில் நாலு மணி நேர வேலை, நிஜத்தில் வெயில் சாயும் வரை சைக்கிள். எங்கள் சம்பளத்தைப் பற்றிக் கமலேஷ் சந்திரா குழு 2016 நவம்பரிலேயே அறிக்கை கொடுத்தாகிவிட்டது, ஒன்றரை வருடம் கழித்தும் அதை அமல்படுத்தவில்லை என்றுதான் மே 22-ஆம் தேதி நாடு முழுக்க வேலையை நிறுத்தினோம்.

நேரம்தான் சரியில்லை. எங்கள் கரையில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும், கையில் காசு புரளாது. அஞ்சலகச் சேமிப்பில் போட்டுவைத்ததை எடுக்க ஜனங்கள் வருகிற மாதம் அது. கிளை அஞ்சலகம் பூட்டியிருந்தால் பஸ் ஏறித்தான் போக வேண்டும். போதாக்குறைக்கு ரமலான் மாதம் வேறு.

ராமநாதபுரத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு மத்தியானம் எங்கள் ஊர் லாத்தா ஒருத்தர் நோன்போடு வந்து நின்றார். "தம்பி, மகனுக்குத் துபாய்க்கு டிக்கெட் போட்டாச்சு, பாஸ்போர்ட்டு உங்க பைக்குள்ள தூங்குது, நீங்க இங்க உக்காந்து கோஷம் போடுறீங்க" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பாஸ்போர்ட்டை உரியவர் கையில்தான் கொடுக்க வேண்டும், நானே நினைத்தாலும் அவரிடம் தூக்கிக் கொடுக்க முடியாது. துணை அஞ்சலகத்தில் நிரந்தர ஊழியர்கள் வேலையில் இருந்தார்கள், போன் போட்டுப் பேசி, பையனை ஆதாரோடு நேரில் போய் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். வாங்கிவிட்டான். மறுநாள் சாயங்காலம் ஒரு தூக்குவாளி நிறைய நோன்புக்கஞ்சி பந்தலுக்கு வந்தது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் குடித்தோம், ருசி அபாரம்.

இன்னொருவர் மண்டபத்து விசைப்படகுக்காரர், எனக்கு மாமா முறை. டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "நாங்க ஸ்டிரைக் பண்ணுனா அதிகாரிங்க கூப்பிட்டு வச்சுப் பேசுவாங்க மாப்ள, உங்கள எவன் கூப்பிடுறான்?" என்னிடம் பதில் இல்லை.

பதில் சொன்னவர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், தினமும் பந்தலுக்கு வந்து பேப்பர் படிப்பவர். மத்திய அரசு ஊழியர்களுக்கு 1966-லிருந்தே கூட்டு ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. அங்கே ஒத்துவராவிட்டால் விஷயம் மூன்று பேர் கொண்ட நடுவர் குழுவுக்குப் போகும்: சங்கத் தரப்பில் ஒருவர், அரசுத் தரப்பில் ஒருவர், தலைவராகப் பொது ஆள். அதிலும் சம்பளம் படி, வாராந்தர வேலை நேரம், விடுப்பு, இவ்வளவுதான் போகும். அப்படியும் 1968-ல் தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியத்தை நடுவரிடம் விட அரசு மறுத்துவிட்டது, அதனால்தான் செப்டம்பர் 19 வேலைநிறுத்தமே நடந்தது என்றார். "அதெல்லாம் நிரந்தர ஆளுக்குப்பா. நீ இலாகாவுக்குப் புறத்த இருக்கிற ஆளு. ஒனக்கு இந்தப் பந்தல்தான்." 1977-லேயே உச்ச நீதிமன்றம் எங்கள் வேலையை அரசுப் பதவி என்று சொல்லிவிட்டதே என்றேன். சிரித்துவிட்டுப் பேப்பரைத் திருப்பினார்.

ஜூன் 6-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நாலு மணி நேரத்துக்குக் குறைந்தபட்சம் 10,000 ரூபாய், பி.பி.எம். (கிளை அஞ்சலகத்தின் பொறுப்பாளர்) என்றால் 12,000. ஐந்து மணி நேரம் என்றால் 12,000, 14,500. 2016 ஜனவரியிலிருந்து பாக்கியை ஒரே தவணையில் கொடுத்தார்கள். குறை சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டில் அந்தப் பணத்தில்தான் ஓடு பிரித்துத் தளம் போட்டோம். ஆனால் வேலை நேரம் அதே நாலும் ஐந்தும்தான், ஓய்வூதியத்துக்கு வழி இல்லை.

அப்புறம் நான் பரீட்சை எழுதி எம்.டி.எஸ். (பலவேலை பார்க்கும் நிரந்தர ஊழியர்) ஆகிவிட்டேன், இப்போது அந்த நடுவர் ஏற்பாடு எனக்கும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், 2023 ஏப்ரலில் நிரந்தர ஊழியர்களின் பெரிய சங்கத்துக்கே அங்கீகாரத்தை ரத்து செய்துவிட்டார்கள். அதே வருடம் டிசம்பர் 12-ல் ஜி.டி.எஸ். தோழர்கள் எட்டு மணி நேர வேலை, ஓய்வூதியம் கேட்டு மறுபடி இறங்கினார்கள். அதில் நான் இல்லை. தொண்டி, சாயல்குடி பக்கம் அதில் உட்கார்ந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.