டெக்சஸ் செனட்: 20-11 என்றால் நினைத்ததெல்லாம் நிறைவேறுமா?

வாக்குச்சீட்டு:
2025 ஜனவரியில் கூட்டத்தொடர் தொடங்கியபோது அமெரிக்காவின் டெக்சஸ் மாநில மேலவையான செனட்டின் 31 இடங்களில் குடியரசுக் கட்சிக்கு 20, ஜனநாயகக் கட்சிக்கு 11. பெரும்பான்மைக்கு 16 போதுமே, பிறகு ஏன் 18, 21 என்று கணக்குப் பேசுகிறார்கள்? முன்னுரிமை மசோதாக்களை யார் தீர்மானிக்கிறார்? செனட்டைத் தாண்டிய எஸ்பி 3 (எஸ்பி என்றால் செனட் மசோதா), அதாவது கஞ்சாச் செடியின் போதைப்பொருளான டிஎச்சிக்குத் தடை, ஏன் சட்டமாகவில்லை?

மூன்றாம் வாசிப்பு:
16 என்பது நிறைவேற்ற. விவாதத்துக்கு எடுக்கவே 18 வேண்டும். தொடரின் ஆரம்பத்திலேயே யாரும் நிறைவேற்ற விரும்பாத ஒரு மசோதாவைப் பட்டியலின் தலையில் வைத்துவிடுவார்கள். இதற்குத் தடுப்பு மசோதா என்று பெயர். விதிப்படி மசோதாக்களை வரிசையாகத்தான் எடுக்க முடியும். அது நகராததால் மற்ற எதை எடுப்பதென்றாலும் வரிசையைத் தளர்த்த வேண்டும். அதற்கு அவையில் இருப்போரில் ஒன்பதில் ஐந்து பங்கு ஆதரவு தேவை. 31 பேரும் வந்திருந்தால் 18.

முன்பு இது மூன்றில் இரண்டாக, அதாவது 21 ஆக இருந்தது. 2015-இல் ஐந்தில் மூன்றாக்கினார்கள், 19 ஆனது. 2020 தேர்தலில் குடியரசுக் கட்சி 18-க்கு இறங்கியதும், 2021-இல் விதியையும் 18-க்கு இறக்கினார்கள். ஆளுங்கட்சியின் எண்ணிக்கைக்கு ஏற்ப விதியை வளைப்பது சிறுபான்மையின் குரலை நெரிப்பதுதான் என்பது என் கருத்து.

குழு அறை:
முன்னுரிமை, செனட்டுக்குத் தலைமை வகிக்கும் துணை ஆளுநர் கையில். இப்போது டான் பாட்ரிக். செனட்டர்கள் தேர்ந்தெடுத்தவர் அல்ல, மாநில மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவர். குழுத் தலைவர்களை நியமிப்பதும், எந்த மசோதா எந்தக் குழுவுக்கு என்று முடிவு செய்வதும் அவரே. அவருடைய முன்னுரிமைகளுக்குச் சிறிய எண்கள் ஒதுக்கப்படும். 2025-இல் எஸ்பி 1 பட்ஜெட், எஸ்பி 2 தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம், எஸ்பி 4 குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான பள்ளி வரிக் கழிவை 1,00,000 டாலரிலிருந்து 1,40,000 ஆக்குவது.

முதல் 60 நாட்களில் ஆளுநர் அவசரம் என்று அறிவித்தவை மட்டுமே பொதுவாக வாக்கெடுப்புக்கு வரும். எஸ்பி 2 பிப்ரவரி 5 அன்றே நிறைவேறியது அப்படித்தான். ஆனால் வாக்கு 20-11 அல்ல, 19-12. ராபர்ட் நிக்கோல்ஸ் என்ற குடியரசுக் கட்சி செனட்டர் எதிர்த்தார். கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும் என்ற சட்டம் அங்கே கிடையாது. கட்சிக் கணக்கை வைத்து மட்டும் வாக்கைக் கணித்தால் தவறிப்போகும்.

கோரம் 21:
21 இரண்டு இடங்களில் வரும். மாநில அரசியல் சாசனத் திருத்தத்துக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு தேவை. எஸ்பி 4-க்கும் அப்படி ஒரு திருத்தம் தேவைப்பட்டது. அதனால் எதிர்க்கட்சியில் ஒருவராவது சேர வேண்டும், பிறகு மக்கள் வாக்கும் வேண்டும். 2025 நவம்பரில் மக்கள் ஒப்புதல் அளித்தார்கள். அவை கூடுவதற்கான கோரமும், அதாவது குறைந்தபட்ச வருகையும், 21 பேர்தான். 2003-இல் 11 ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கிக்குப் போய் அவையை முடக்கியது இந்த விதியை வைத்துத்தான்.

எஸ்பி 3-ஐ வீழ்த்தியது காலண்டர். 140 நாள் தொடர் ஜூன் 2 அன்று முடிந்தது. முடிந்தபின் ஆளுநருக்கு 20 நாள் அவகாசம் உண்டு. ஆளுநர் கிரெக் அபாட் கடைசி நாளான ஜூன் 22 அன்று வீட்டோ செய்தார். அதை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு இருந்தால்கூட, வாக்களிக்க அவை கூட்டத்தில் இல்லை. தொடர் நடக்கும்போது அவருக்கு 10 நாள்தான். ஆகவே ஒரு மசோதா எந்தத் தேதியில் ஆளுநர் மேசைக்குப் போனது என்பதை முதலில் பாருங்கள்.

வாக்குச்சீட்டு:
நன்றி. இதையெல்லாம் எங்கே தேடுவது?

குழு அறை:
டெக்சஸ் லெஜிஸ்லேச்சர் ஆன்லைன் தளத்தில் எண்ணைப் போட்டால் வரலாறு முழுதும் வரும். தொடரையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். சிறப்புத் தொடரில் எண்கள் மறுபடி 1-இலிருந்து தொடங்கும். 2025 வழக்கமான தொடரில் எஸ்பி 5 என்பது மறதிநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதே ஆண்டின் முதல் சிறப்புத் தொடரில் எஸ்பி 5 என்பது திரும்பவும் வந்த டிஎச்சி தடை.