பணம் கேட்வேயில் ஏறுகிறது, ஆர்டர் மட்டும் பதியவில்லை. திரும்பி வந்தால் கூடை காலி (பிஎச்பி)

தறிநிழல்
வணக்கம். கரூரில் மாமாவுக்கு பெட்ஷீட், துண்டு, தலையணை உறைக் கடை. ஆன்லைனில் விற்க நானே ஒரு தளம் எழுதிக் கொடுத்தேன். பிஎச்பி 7.4, மைஎஸ்க்யூஎல், ஷேர்டு ஹோஸ்டிங். ஃப்ரேம்வொர்க் கிடையாது, எனக்குத் தெரிந்த வெறும் பிஎச்பிதான்.

கூடையை செஷனில் (ஒவ்வொரு வருகையாளருக்கும் சர்வர் தற்காலிகமாக வைத்திருக்கும் குறிப்பில்) வைத்திருக்கிறேன். ‘பணம் செலுத்து’ அழுத்தினால், பணத்தை வாங்கித் தரும் நிறுவனமான கேட்வேயின் பக்கத்துக்குப் போகும். கட்டி முடித்ததும் கேட்வே நம் கால்பேக் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும். அங்கேதான் செஷனில் இருக்கும் கூடையைப் படித்து ஆர்டர் டேபிளில் எழுதுகிறேன். கூடை காலியாக இருந்தால் முகப்புக்குப் போ என்று ஒரு வரியும் வைத்திருக்கிறேன்.

போன வாரம் கேட்வே கணக்கில் வெற்றி 43. என் டேபிளில் 32 ஆர்டர்தான் இருக்கிறது. பாக்கி 11 பேரும் பணம் கட்டியிருக்கிறார்கள், ஆர்டர் இல்லை. ஈரோட்டில் ஒரு அம்மா 1,240 ரூபாயை இரண்டு முறை கட்டியிருக்கிறார். “கட்டி முடிச்சதும் முதல் பக்கத்துக்கே வந்துடுச்சு, லாகின் பண்ணச் சொல்லுச்சு, கூடையும் காலி. சரி, கட்டலை போலன்னு மறுபடியும் கட்டினேன்” என்கிறார். மாமா முகத்தில் விழிக்க முடியவில்லை.

நான் சோதித்தால் ஒரு முறைகூடத் தவறவில்லை. ஒரு ரூபாய்க்கு ஒரு டெஸ்ட் பொருள் வைத்து இருபது தடவையாவது கட்டியிருப்பேன். நண்பனின் ஐபோனிலும் சரியாக வருகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

ஓடிபி_வரல
செஷன் காலாவதி ஆகியிருக்கும். பிஎச்பியில் செஷனின் ஆயுள் இயல்பாக 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். ஷேர்டு ஹோஸ்டிங்கில் எல்லாத் தளத்தின் செஷன் கோப்பும் ஒரே ஃபோல்டரில் கிடந்தால், பக்கத்துத் தளத்தின் குப்பை அள்ளும் வேலை உங்கள் கோப்பையும் சேர்த்து அள்ளிவிடும். செஷன் ஃபோல்டரைத் தனியாக மாற்றிப் பாருங்கள்.

தறிநிழல்
மாற்றினேன். அதற்கு அப்புறமும் இன்று காலை ஒன்று தவறியது. ஆக்சஸ் லாகில் (சர்வரின் வருகைப் பதிவில்) அந்த ஆள் தளத்துக்கு வந்ததிலிருந்து கால்பேக் வரை மொத்தமே ஏழு நிமிடம்தான். 24 நிமிடக் கணக்கு இதற்குப் பொருந்தவில்லை.

பின்வாசல்
லாகைப் பார்க்கத் தெரிந்திருக்கிறது, பாதி வேலை முடிந்தது. மூன்று கேள்வி.

தவறிய 11 பேரும் எந்த பிரவுசர்? கேட்வே உங்கள் கால்பேக்குக்கு வருவது கெட்டாகவா (லிங்க் அழுத்தியது போல), போஸ்டாகவா (படிவம் அனுப்பியது போல)? நீங்கள் சோதிக்கும்போது என்ன வரிசையில் செய்கிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகிறது?

தறிநிழல்
லாகில் தேடினேன் அண்ணே. 11 பேருமே குரோம், பெரும்பாலும் ஆண்ட்ராய்டு. கால்பேக் போஸ்ட்தான். நான் சோதிப்பது இப்படி: இன்காக்னிட்டோ விண்டோ திறப்பேன், டெஸ்ட் பொருளைக் கூடையில் போடுவேன், உடனே கட்டுவேன். ஒரு நிமிடம்கூட ஆகாது.

பின்வாசல்
அப்படியானால் இதைச் செய்யுங்கள். குரோமில் புது இன்காக்னிட்டோ. தளத்தைத் திறந்து பொருளைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்து போய் டீ குடியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து வந்து கட்டுங்கள்.

தறிநிழல்
உடைந்துவிட்டது!! முகப்புக்கு வந்து நிற்கிறது, கூடை காலி, லாகவுட். நான்கு நாளாக இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். டீக்கும் கூடைக்கும் என்ன சம்பந்தம்?

பின்வாசல்
கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரியாமல் திருத்தினால் வேறு இடத்தில் உடையும்.

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது. உங்கள் சர்வருக்கு ஒவ்வொரு கோரிக்கையும் முன்பின் தெரியாத ஆள். “இவர்தான் நேற்று கூடையில் துண்டு போட்டவர்” என்று அடையாளம் காட்டுவது பிரவுசர் எடுத்துவரும் செஷன் குக்கி என்ற சின்ன அடையாளச் சீட்டு மட்டும்தான். (குக்கி பிறந்ததே கடைக்காகத்தான். 1994-ல் நெட்ஸ்கேப்பில் லூ மோன்டுல்லி இதை எழுதியபோது, பாதியில் நிற்கும் கொள்முதலின் விவரத்தைத் தங்கள் சர்வரில் சுமக்க விரும்பாத ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்துக்காக யோசித்ததுதான்.)

இப்போது கேட்வேயிலிருந்து திரும்பும் பயணத்தைப் பாருங்கள். வேறொரு தளத்தின் பக்கத்திலிருந்து உங்கள் தளத்துக்கு ஒரு போஸ்ட் வருகிறது. போலித் தளங்கள் இப்படித்தான் ஏமாற்றும் என்பதால், 2020-ல் குரோம் 80 வந்தபோது விதியை மாற்றினார்கள். குக்கியில் சேம்சைட் (வெளித்தளத்திலிருந்து வரும் கோரிக்கையில் இதை அனுப்பலாமா என்று சொல்வது) என்ற குறிப்பு இல்லையென்றால் அதை ‘லாக்ஸ்’ என்று எடுத்துக்கொள்ளும். லாக்ஸ் குக்கி, வெளித்தளத்தில் இருந்து லிங்க் வழியாக வரும் கெட்டில் போகும், போஸ்டில் போகாது.

அப்படிச் செய்தால் உலகத்தில் பாதி பேமென்ட் பக்கம் படுத்துவிடும் என்று குரோம்காரர்களுக்கே தெரியும். அதனால் ஒரு சலுகை வைத்தார்கள். சேம்சைட் குறிப்பு இல்லாத குக்கி, பிறந்து இரண்டு நிமிடத்துக்குள் இருந்தால், அதை வெளித்தள போஸ்டிலும் அனுப்பும். நீங்கள் ஒவ்வொரு முறையும் புது இன்காக்னிட்டோ திறந்து ஒரு நிமிடத்தில் கட்டுகிறீர்கள், சலுகைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. நிஜ வாடிக்கையாளர் பத்து பெட்ஷீட்டைப் புரட்டிப் பார்த்து, வீட்டில் ஒருவரைக் கேட்டு, பிறகுதான் கட்டுவார். பிஎச்பி செஷன் குக்கியை முதல் வருகையில்தான் அனுப்பும், பக்கத்துக்குப் பக்கம் புதுப்பிக்காது. ஆகவே அது பழசாகிவிட்டது. சஃபாரியில் இந்த ‘இல்லையென்றால் லாக்ஸ்’ விதி இல்லை. உங்கள் நண்பரின் ஐபோன் தப்பித்தது அதனால்தான்.

கூடை காலியான கதை இன்னும் மோசம். குக்கி இல்லாமல் கால்பேக் வந்ததும் உங்கள் செஷன் தொடங்கும் வரி, “புது ஆள்” என்று ஒரு புது ஐடி கொடுத்து பிரவுசரில் பழைய குக்கியின் மேலேயே எழுதிவிடுகிறது. பழைய கூடை சர்வரில் கோப்பாக இருக்கிறது, சாவிதான் தொலைந்துவிட்டது. ஈரோட்டு அம்மாவை லாகவுட் செய்தது உங்கள் கால்பேக் பக்கம்தான்.

அரைகுறை_டெவ்
ப்ரோ, ஒரே வரி. செஷன் குக்கிக்கு சேம்சைட் ‘நன்’ (None, எங்கிருந்து வந்தாலும் அனுப்பு), கூடவே ‘செக்யூர்’ (எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் அனுப்பு) போடுங்கள். பிஎச்பி 7.3-இலிருந்து அமைப்பிலேயே இருக்கிறது. எச்டிடிபிஎஸ் கட்டாயம், செக்யூர் இல்லாத ‘நன்’ குக்கியை குரோம் தூக்கி எறிந்துவிடும். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பின்வாசல்
வேலை செய்யும். ஆனால் லாகின் குக்கி முழுவதையும் எல்லா வெளித்தளத்துக்கும் திறந்துவிட்டு ஒரு பக்கத்தைச் சரிசெய்வது எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிட, கால்பேக்கில் செஷனே தேவைப்படாத மாதிரி எழுதலாம்.

‘பணம் செலுத்து’ அழுத்திய அந்த நிமிடத்திலேயே ஆர்டரை டேபிளில் எழுதிவிடுங்கள், ஸ்டேட்டஸ் ‘காத்திருப்பு’. அந்த ஆர்டர் எண்ணைக் கேட்வேக்கு அனுப்புங்கள். திரும்பி வரும் போஸ்டில் அதே எண்ணும், அனுப்பியது கேட்வேதான் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பமும் இருக்கும். கால்பேக்கில் செஷனைத் தொடங்கும் வரியை எடுத்துவிடுங்கள். கையொப்பத்தை உங்கள் ரகசியச் சாவியால் சரிபாருங்கள், சரியென்றால் அந்த ஆர்டரை ‘கட்டியாச்சு’ ஆக்குங்கள். பிறகு 303 (‘அந்தப் பக்கத்துக்குப் போ’ என்று பிரவுசருக்குச் சொல்லும் பதில்) போட்டு நன்றிப் பக்கத்துக்கு அனுப்புங்கள். 303 என்றால் பிரவுசர் கெட்டாக வரும், கெட்டில் லாக்ஸ் குக்கி கூடவே வரும். வாடிக்கையாளர் லாகினோடு நிற்பார். நன்றிப் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தாலும் எதுவும் மறுபடி பதியாது.

மதுரை_மல்லி
இதில் ஒன்று விட்டுப்போகிறது. மொபைலில் யூபிஐ என்றால் ஆள் யூபிஐ ஆப்புக்குப் போய் பின் நம்பர் போட்டுவிட்டு அங்கிருந்தே போனை மடியில் வைத்துவிடுவார். பிரவுசருக்குத் திரும்பவே மாட்டார். கால்பேக் வராது. நீங்கள் எவ்வளவு அழகாக எழுதினாலும் அந்த ஆர்டர் ‘காத்திருப்பு’தான். பணம் வந்ததைக் கேட்வேயே உங்கள் தளத்துக்கு நேரடியாகச் சொல்லும் வெப்ஹூக் வைத்தே ஆக வேண்டும். அதைக் கூப்பிடுவது கேட்வேயின் சர்வர், பிரவுசர் இல்லை. அதனால் குக்கி, செஷன், லாகின் எதையும் அங்கே தேடாதீர்கள்.

தறிநிழல்
எல்லாம் செய்தேன். டீ சோதனை பாஸ்! குரோமில் இருபது நிமிடம் கழித்துக் கட்டியும் ஆர்டர் பதிகிறது, லாகின் போகவில்லை.

ஆனால் வெப்ஹூக்கில் இரண்டு சிக்கல். ஒன்று, கையொப்பம் பொருந்தவே இல்லை. இரண்டாவது, சோதனைக்குக் கையொப்பச் சரிபார்ப்பை எடுத்துவிட்டு ஓட்டினால் (டெஸ்ட் மோடில்தான்!) ஒரே ஆர்டருக்கு இரண்டு மெயில் போகிறது, ஸ்டாக்கிலும் இரண்டு குறைகிறது.

மதுரை_மல்லி
முதலாவது: வெப்ஹூக்கில் வரும் ஜேசனை (தகவல் அடங்கிய உரையை) பிரித்து, திரும்பக் கட்டி, அதன் மேல் ஹேஷ் (கையொப்பத்தோடு ஒப்பிடக் கணக்கிடும் எண்) போடுகிறீர்களா? ஒரு இடைவெளி மாறினாலும் ஹேஷ் மாறும். வந்த பாடியை ஒரு எழுத்தும் தொடாமல் அப்படியே எடுத்து ஹேஷ் போடுங்கள், பிரிப்பதெல்லாம் அப்புறம்.

தறிநிழல்
அதேதான் செய்திருந்தேன். இப்போது பொருந்துகிறது, சரிபார்ப்பைத் திரும்ப வைத்துவிட்டேன். நன்றி அக்கா (தம்பியா என்று தெரியவில்லை, மன்னிக்கவும்).

பின்வாசல்
இரட்டை மெயிலுக்கு: கால்பேக்கும் வெப்ஹூக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வருகின்றன. நீங்கள் “ஸ்டேட்டஸ் என்ன?” என்று முதலில் செலக்ட் போட்டு, ‘காத்திருப்பு’ என்றால் மாற்று என்று எழுதியிருப்பீர்கள். இரண்டு பேரும் ஒரே நொடியில் எட்டிப் பார்த்தால் இருவருக்கும் ‘காத்திருப்பு’ என்றுதான் தெரியும்.

கேள்வியையும் மாற்றத்தையும் ஒரே வாசகமாக்குங்கள். அப்டேட்டில் ஸ்டேட்டஸை ‘கட்டியாச்சு’ ஆக்கு என்று சொல்லி, அதன் WHERE நிபந்தனையிலேயே ‘ஆர்டர் எண் இது, ஸ்டேட்டஸ் இன்னும் காத்திருப்பு’ என்று வையுங்கள். முடிந்ததும் எத்தனை வரி மாறியது என்று மைஎஸ்க்யூஎல்லைக் கேளுங்கள். 1 என்றால் முதலில் வந்தது நீங்கள், மெயிலும் ஸ்டாக்கும் உங்கள் வேலை. 0 என்றால் வேறொருவர் முடித்துவிட்டார், 200 (‘சரி, கிடைத்தது’) பதில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஸ்டாக்குக்கும் இதே முறை, ஒருவர் இரண்டு வாங்கினால்: ‘இருப்பு 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் 2 குறை’ என்று ஒரே அப்டேட். ஸ்டேட்டஸ் மாற்றமும் ஸ்டாக்கும் (நடந்தால் இரண்டும், இல்லையென்றால் இரண்டும் வேண்டாம் என்று) ஒரே டிரான்ஸாக்‌ஷனில் இருக்கட்டும், மெயில் அதற்கு வெளியே. டேபிள் வகை இன்னோடிபியா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மைஐசாமில் டிரான்ஸாக்‌ஷன் கிடையாது.

வெப்ஹூக் ஒரே செய்தியை இரண்டு, மூன்று முறை அனுப்புவது சகஜம். பதில் தாமதமானால் மறுபடி கூப்பிடுவார்கள். ஸ்ட்ரைப் மாதிரி சில கேட்வே மூன்று நாள் வரை முயற்சி செய்யும். அதனால் வெப்ஹூக்குக்குள் மெயில் சர்வருக்காகக் காத்திருக்காதீர்கள்.

ஓடிபி_வரல
என் செஷன் யோசனை தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: கேட்வேக்கு அனுப்பும் தொகை எங்கிருந்து வருகிறது? கூடைப் பக்கத்தின் மறைவுப் புலத்திலிருந்து (கண்ணுக்குத் தெரியாத ஹிட்டன் ஃபீல்டிலிருந்து) எடுத்தால், யாராவது பிரவுசரில் இன்ஸ்பெக்ட் திறந்து 1240-ஐ 1 ஆக்கிவிடுவார்கள்.

தறிநிழல்
...அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் மாற்றினேன். பிரவுசரிடமிருந்து பொருள் எண்ணும் எண்ணிக்கையும் மட்டும்தான் வாங்குகிறேன், விலை டேபிளிலிருந்து.

மதுரை_மல்லி
அப்படியே ரூபாயைப் பைசாவாக்கும் இடத்தையும் பாருங்கள். பிஎச்பியில் 19.99-ஐ 100-ஆல் பெருக்கி முழுஎண்ணாக வெட்டினால் 1999 வராது, 1998தான் வரும். விலையை முதலிலிருந்தே பைசாவில் முழுஎண்ணாக வைத்துவிடுங்கள்.

தறிநிழல்
மூன்று நாள் கழித்து வருகிறேன். கேட்வேயில் 19, டேபிளில் 19. அதில் நான்கு ஆர்டரில் கால்பேக்கே வரவில்லை, வெப்ஹூக்தான் பதிந்திருக்கிறது. மல்லி சொன்ன மடியில் வைத்த கேஸ். பழைய 11 கட்டணத்தில் ஒன்று ஈரோட்டு அம்மாவின் முதல் கட்டு, அந்த 1,240-ஐத் திருப்பியாச்சு. பாக்கி 10 பேருக்கும் மாமாவே போன் போட்டு, எடுத்த எட்டுப் பேரிடம் என்ன வாங்கினீர்கள் என்று கேட்டு, கையால் பில் எழுதி பார்சல் அனுப்பிவிட்டார். இரண்டு பேர் போனை எடுக்கவில்லை, அவர்களுடைய கூடை இன்னும் சர்வரில் செஷன் கோப்பாக இருக்குமா என்று தேடினால், நான் ஃபோல்டரை மாற்றிய அன்றே பழையதெல்லாம் போய்விட்டது. நேற்று இரவு அவர்களே கூப்பிட்டுவிட்டார்கள்.