வினிப்பெக் போகும் மகளுக்கு விண்டர் கோட்: நுவரெலியாவில் எடுக்கலாமா, அங்கே போய் எடுப்பதா?

உப்புவெளி அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் உப்புவெளியில் வீட்டோடு தையல் தொழில் செய்கிறேன், 22 வருடமாகிறது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, சாரி பிளவுஸ், தாதிமாரின் சீருடை எல்லாம் தைக்கிறேன். துணியை விரலால் நெருடிப் பார்த்தாலே எத்தனை கழுவலுக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். ஆனால் குளிருக்கு உடுக்கும் துணி என் மெசினுக்குக் கீழே ஒருநாளும் வந்ததில்லை.

மகளுக்குக் கனடாவில் வினிப்பெக்கில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஜனவரி முதல் வாரம் பயணம். எனக்குத் தெரிந்த குளிர் என்றால் மார்கழி வாடை அடிக்கும்போது திருவெம்பாவைக்கு விடியப்புறம் கோணேசர் கோயில் மலை ஏறுகிற குளிர்தான். அதற்கே சால்வை போர்த்துவோம். அங்கே மைனஸ் 30 வரை போகும் என்கிறார்கள். அதை எப்படி நினைத்துப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

போன கிழமை தங்கச்சி வீட்டுக்கு ஹற்றன் போனபோது குளிர் உடுப்பு விற்கும் நுவரெலியா பேல் பஜாருக்கும் போய் வந்தோம். மூன்று கோட் கண்ணில் நிற்கிறது. முதலாவது கருநீலம், முழங்காலுக்குச் சற்று மேலே வரை நீளம், தலைமூடி உண்டு, நல்ல பருமன், உள்ளே பொலியெஸ்டர் பஞ்சு, 14,500 ரூபா. இரண்டாவது இடுப்பளவுதான், கைக்குள் அமுக்கினால் அடங்கிவிடும், லேபலில் 80 வீதம் டவுன், 20 வீதம் இறகு என்று இருந்தது, 19,000. மூன்றாவது கம்பளி ஓவர்கோட், பார்க்க அழகோ அழகு, 16,000. மறுபக்கம் திருப்பித் தையலைப் பார்த்தேன். இரண்டாவதில் தையல் வழியாகச் சின்ன இறகு இரண்டு எட்டிப் பார்த்தது. ஒன்றையும் வாங்காமல் வந்துவிட்டேன். தொப்பி, கையுறை எல்லாம் சேர்த்து என்னிடம் இருப்பது 30,000 ரூபா.

இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் உண்டு. நான்கு வருடத்துக்கு முன் மகன் லண்டன் போனபோது இங்கே ஒரு கடையில் 12,000 கொடுத்து ஜக்கெட் வாங்கிக் கொடுத்தேன். தடிப்பாக இருந்தது, நம்பிவிட்டேன். முதல் மாதத்திலேயே தூறல் மழை உள்ளே இறங்கியிருக்கிறது, சிப்பும் பல் கழன்றுவிட்டது. பிள்ளை பஸ் நிறுத்தத்தில் இரண்டு கையாலும் கோட்டைப் பிடித்து மூடிக்கொண்டு நின்றானாம். ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குச் சொன்னான். தையல்காரி பெற்ற பிள்ளை சிப் இல்லாத ஜக்கெட்டோடு நின்றது இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

மூன்றில் எதை எடுக்கலாம்? அல்லது நல்ல துணி கிடைத்தால் நானே தைத்துக் கொடுக்கலாமா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மூதூர்த் துறை எழுதியது:

அக்கா, நான் மூதூர். வினிப்பெக்குக்கு வந்து 11 வருடம். உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டு வேலை முடிந்து வந்து இருந்து எழுதுகிறேன்.

முதலில் குளிரின் கணக்கு. இங்கே ஜனவரியில் சராசரிப் பகல் மைனஸ் 11, இரவு மைனஸ் 21 அளவில் இருக்கும். மைனஸ் 30 ஆகும் இரவுகளும் வரும். அதோடு காற்றையும் சேர்க்க வேண்டும். திருகோணமலையிலிருந்து மூதூருக்கு லோஞ்சில் வந்திருப்பீர்கள். கரையில் நிற்கும்போது வேர்க்கும், குடாவின் நடுவில் வாடை முகத்தில் அடித்தால் பல் கிட்டும். வெப்பநிலை ஒன்றுதான், காற்று உடம்புச் சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. அதனால் இங்கே வானிலை அறிக்கையில் காற்றையும் சேர்த்து இன்னொரு இலக்கம் சொல்வார்கள். அந்த இலக்கம் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும். பஸ் 15 நிமிடம் பிந்துவது இங்கே சாதாரணம். கோட்டின் வேலை அந்த 15 நிமிடம்தான்.

லண்டன் ஜக்கெட்டோடு இதை ஒப்பிடாதீர்கள். அங்கே எதிரி மழை. இங்கே ஜனவரியில் மழை மிக அரிது. பனி மாப்போல உதிரியாக விழும், தட்டிவிட்டால் போய்விடும். ஆகவே தண்ணீர் புகாதா என்று பார்ப்பதற்கு முன் காற்றுப் புகாதா என்று பாருங்கள். மேல்துணியை வாயில் வைத்து ஊதுங்கள். மூச்சு மறுபக்கம் தாராளமாக வந்தால் அந்தக் கோட் இந்த ஊருக்கு ஆகாது.

கோட் சூடு தருவதில்லை அக்கா, உடம்பின் சூட்டைக் காக்கிறது, சோற்றுப் பானையைத் துணியால் சுற்றி வைக்கிற மாதிரி. பஞ்சுக்குள் அசையாமல் நிற்கும் காற்றுத்தான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. அதனால் கம்பளி ஓவர்கோட்டை விட்டுவிடுங்கள். அதன் நெசவுக்குள்ளால் காற்று நுழையும். டவுன் கோட், அதாவது தாராவின் நெஞ்சுப் பக்கத்து மென்தூவி அடைத்தது, பாரத்துக்கு மிக நல்ல சூடு தரும். ஆனால் நீங்கள் பார்த்தது இடுப்பளவு, அதுவும் மெல்லியது. ஒக்டோபர், ஏப்ரல் மாதங்களுக்கு நன்றாக இருக்கும், ஜனவரிக்குப் போதாது. தொடை குளிர்ந்தால் ஆள் நடுங்கிவிடும். தொடையின் பாதிக்காவது கீழே வர வேண்டும். மூன்றுக்குள் கேட்டால் முதலாவதுதான்.

ஆனாலும் என் எண்ணத்தைச் சொல்கிறேன். பெரிய காசை அங்கே போடாதீர்கள். நத்தாருக்கு அடுத்த நாளிலிருந்து ஜனவரி முழுக்க இங்கே கடைகளில் குளிர் உடுப்பின் விலை இறங்கும். சைஸ்தான் குறைந்துகொண்டு போகும். நான் வந்த வருடம் வெலியூ வில்லேஜ் என்ற பழைய பொருள் கடையில் 45 டொலருக்கு எடுத்த டவுன் கோட்டை ஆறு குளிர்காலம் போட்டேன். புதிதாக எடுப்பதென்றால் விலைச்சீட்டில் இருப்பதற்கு மேல் 12 வீதம் வரி வரும், 150 டொலர் என்று எழுதியிருந்தால் கையை விட்டுப் போவது 168. மிச்சம் பிடிக்கும் காசைச் சப்பாத்துக்கு வையுங்கள். பனிச் சப்பாத்து இங்கேதான் வாங்க வேண்டும். கோட்டை விடச் சப்பாத்தால் அழுத புதுப் பிள்ளைகளைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

லிங்கநகர் எழுதியது:

அம்மா, நான் கட்டுநாயக்காவில் ஒரு ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் எட்டு வருடம் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். இப்போது ஊரில்தான்.

மூதூர் அண்ணன் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் அங்கே போய் வாங்கச் சொல்வதை நான் அப்படியே ஏற்கவில்லை. பிள்ளை இறங்குவது ஜனவரியில். கடை எங்கே, பஸ் எது என்று தெரியாது, வங்கிக் கணக்குக்கூட முதல் கிழமை ஓடாது. கடைக்குப் போவதற்கே ஒரு கோட் வேண்டுமல்லவா? ஆகவே முதலாவதை எடுங்கள், ஆனால் நன்றாகச் சோதித்து எடுங்கள்.

பேல் பஜாருக்கு வருவதில் ஓடர் மிச்சமும் உண்டு, தரத்தில் கழித்ததும் உண்டு. லேபல் வெட்டியிருந்தால் ஏதோ ஒரு குறை இருக்கலாம் என்று எடுத்து, அந்தக் குறையைத் தேடிப் பிடியுங்கள். பொத்தான், நூல் என்றால் நீங்களே சரிசெய்யலாம். கோட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பஞ்சு ஒரு பக்கம் திரண்டு மறுபக்கம் வெறும் துணியாகத் தெரிந்தால், காற்று அந்த இடத்தால்தான் வரும். தோள்மூட்டையும் கக்கத்தையும் இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், தையல் பிரிந்து பல் காட்டக்கூடாது. ஒரு பிடியை நன்றாக அமுக்கி ஒரு நிமிடம் வைத்துவிட்டு விடுங்கள், பஞ்சு எழும்பி வர வேண்டும். எழும்பாவிட்டால் மூட்டைக்குள் நெடுநாள் கிடந்து செத்த பஞ்சு.

சிப்பைப் பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள். பெரிய பிளாஸ்டிக் பல் உள்ளது நல்லது, கையுறையோடும் பிடிக்கலாம். கீழிருந்தும் திறக்கும் இரட்டைச் சிப் என்றால் நீளக் கோட்டோடு பஸ்ஸில் இருக்க வசதி. சிப்புக்குப் பின்னால் ஒரு பட்டி ஓடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது இல்லாவிட்டால் சிப் பல்லுக்குள்ளாலேயே காற்று வரும். மணிக்கட்டில் இலாஸ்டிக் இருக்க வேண்டும்.

இன்னொன்று, 80க்கு 20 என்பது தூவிக்கும் இறகுக்கும் உள்ள பங்கு மட்டும்தான். எவ்வளவு அடைத்திருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. அந்த எண்ணைப் பார்த்துச் சூட்டை முடிவுசெய்ய வேண்டாம்.

முழுக் கோட்டையும் தைக்கும் யோசனையை விடுங்கள் அம்மா. காற்றை மறிக்கும் நெருக்கமான மேல்துணி எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காது, சாதாரண ஊசி போட்டால் ஒவ்வொரு குத்தும் ஓட்டை. உங்கள் கைக்கு வேறு வேலை இருக்கிறது. ஃபிளீஸ், அதாவது பஞ்சுபோல மெத்தென்ற பொலியெஸ்டர் துணியில், போர்வை ஒன்று வாங்கி, கழுத்துக்கு இரண்டு குழாய், கை இல்லாத உள்சட்டை ஒன்று தைத்துக் கொடுங்கள். அந்தத் துணி வெட்டினால் நூல் பிரியாது, ஓரம் மடிக்கவும் தேவையில்லை.

நிலாவெளி மகள் எழுதியது:

அன்ரி, நான் போன ஜனவரியில் இதே ஊருக்குப் படிக்க வந்தவள்.

கோட்டைப் பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம். அம்மா ஆசையாக மடித்து அடியில் வைத்துவிட்டார். டொரொண்டோவில் விமானம் மாறியதில் பெட்டி இரண்டு நாள் பிந்தி வந்தது. ஒரு சுவெட்டரோடு வாசலால் வெளியே வந்தேன். முதல் மூச்சு இழுத்ததும் மூக்குக்குள் இருக்கும் ஈரம் உறைந்தது தெரிந்தது. கூட்டிப்போக வந்த அக்கா தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டார். தங்கச்சியைக் கோட்டைக் கையில் கொண்டுவரச் சொல்லுங்கள், விமானத்தில் போர்வையாகவும் ஆகும்.

பிறகு, உள்ளே உடுப்பது. வகுப்பறை, பஸ், கடை எல்லாம் 20 பாகைக்கு மேல் சூடாக்கி வைத்திருப்பார்கள். தடித்த சுவெட்டர் ஒன்றோடு போனால் உள்ளே வேர்க்கும், அந்த ஈரத்தோடு வெளியே வந்தால் இரட்டைக் குளிர். பருத்திப் பெனியன் வேர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும், அதனால் உடம்போடு ஒட்டிப் போடுவது பருத்தியாக இருக்கக்கூடாது. மெல்லிய தெர்மல் உள்ளுடுப்பு, மேலே ஃபிளீஸ், அதற்கு மேலே கோட். உள்ளே போனதும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். கையுறையும் ஐந்து விரல் வைத்தது வேண்டாம். நாலு விரலும் ஒரே பைக்குள் கிடக்கும் வகைதான் கூடிய சூடு.

உப்புவெளி அம்மா எழுதியது:

பிள்ளைகளே, இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதியிருக்கிறீர்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே மகளைக் கூப்பிட்டு ஒன்றுவிடாமல் வாசித்துக் காட்டினேன்.

ஓர் ஐயம். மகளுக்கு மார்பளவு 34. சட்டைக்கு நான் 3 அங்குலம் தளர்வு விடுவேன். கோட்டுக்கு எவ்வளவு பார்க்க வேண்டும்?

மூதூர்த் துறை எழுதியது:

தெர்மலும் ஃபிளீஸும் போட்டபடிதான் போட்டுப் பார்க்க வேண்டும் அக்கா. உள்ளே உடுத்த பிறகும் கையை முன்னால் நீட்டிக் கட்டிப்பிடிக்கிற மாதிரி மடக்கினால் முதுகு இழுக்கக்கூடாது, கைநுனி மணிக்கட்டை விட்டு மேலே ஏறக்கூடாது. மார்பில் 6 முதல் 8 அங்குலம் விட்டால் போதும். மிகவும் பெரிதாக எடுத்தால் அடியால் காற்று ஏறும். இறுக்கிப் போட்டால் பஞ்சு நசுங்கிச் சூடு போய்விடும்.

லிங்கநகர் தம்பி சொன்னது நியாயம்தான், முதல் நாளுக்கு ஒரு கோட் கையில் இருக்க வேண்டும். நான் வந்தபோது அண்ணன் காரை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்துக்கொண்டு நின்றார், அதனால் எனக்கு அது தோன்றவில்லை. அந்தக் கருநீலத்தை எடுங்கள். முதல் குளிருக்கு அது போதாது என்று பட்டால் பெப்ரவரியில் இங்கே மலிவாக ஒன்று பார்க்கலாம். அதற்குள் பிள்ளைக்கும் தன் உடம்புக்கு எவ்வளவு தேவை என்று தெரிந்துவிடும்.

உப்புவெளி அம்மா எழுதியது:

கோட் வந்துவிட்டது. தங்கச்சி திரும்பப் போய் பேசி 13,500க்கு எடுத்து, கண்டி பஸ்ஸில் கொடுத்துவிட்டாள். ஊதிப் பார்த்தாளாம், மூச்சு மறுபக்கம் வரவில்லை. வெளிச்சத்திலும் பஞ்சு ஒரே சீராக இருந்ததாம். மார்பளவு 42, ஃபிளீஸுக்கு மேலே போட்டுப் பார்த்தோம், கையை மடக்கினால் முதுகு இழுக்கவில்லை.

ஒரு குறை இருந்தது, சிப்புக்குப் பின்னால் பட்டி இல்லை. லேபல் வெட்டிய காரணம் அதுவா தெரியாது. இரண்டு இரவு இருந்து நானே வைத்தேன். பழைய குடைத்துணியை இரண்டாக மடித்து, நடுவில் ஃபிளீஸ் கொடுத்து, 2 அங்குல அகலத்தில் பட்டி தைத்தேன். மேல்துணியில் ஊசி படாமல் உள்ளே சிப்பின் நாடாவோடு சேர்த்து மெசின் ஓட்டினேன். சிப்புக்குள் துணி கடிபடாமல் இருக்க ஓரத்தில் ஒரு நேர்த்தையல். மகள் மேசை மின்விசிறிக்கு முன்னால் போட்டுக்கொண்டு நின்று, நெஞ்சில் காற்றே படவில்லை என்றாள்.

சிப்பை நூறு தடவை ஏற்றி இறக்கிவிட்டேன். எண்ணினேன்.

கோட்டைப் பொலித்தீனில் கட்டி வைக்கவில்லை. மார்கழி ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று அறைக்குள் கொளுவியில் தொங்கவிட்டிருக்கிறேன், மின்விசிறியும் போட்டபடி. கழுத்துக் குழாய் இரண்டும் முடிந்தன, ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல். உள்சட்டைக்குள் கடவுச்சீட்டு அளவுக்கு ஒரு பொக்கெற் வைத்து, வாய்க்குப் பொத்தான் தைத்தேன். மிச்சக் காசில் 11,000 சப்பாத்துக்கென்று தனியாக மடித்து வைத்திருக்கிறேன், டொலராக மாற்றிக் கொடுத்துவிடுவேன்.

நிலாவெளிப் பிள்ளையே, விலாசம் கேட்க மாட்டேன். உனக்கும் ஒரு கழுத்துக் குழாய் தைத்து மகளிடம் கொடுத்துவிடுகிறேன். என்ன நிறம் வேண்டும் என்று மட்டும் சொல்லு.