அலுமினாக் குழம்பு திடீரென்று இறுகுகிறது, அவசரம்

புதுத்துகள்: அலுமினாப் (அலுமினியம் ஆக்சைடு) பொடியைத் தண்ணீரில் கலக்கி ஊற்றுகிறேன். பழைய பொடி இருந்தவரை தடையில்லாமல் ஓடியது. இப்போதும் அதே 70 சதவீதம்தான், ஆனால் கரண்டியை நட்டால் நிற்கிறது. நாளைக்கு அச்சில் ஊற்றியாக வேண்டும்.

துளித்துளி: 70 எடையிலா, கன அளவிலா? துகள் அளவு? பிஎச் (அமில, காரத் தன்மை)? ஒன்றுமே சொல்லவில்லையே.

பாதரசம்: காற்றுக் குமிழிதான். வெற்றிடத்தில் வைத்து எடுங்கள்.

துளித்துளி: போன இழையிலும் உங்களுக்குக் குமிழிதான்.

மூத்தகுழம்பன்: அடிப்படையைப் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். ஐன்ஸ்டீன் 1906-லேயே எழுதிவிட்டார். துகள்களின் கன அளவுப் பங்கை 2.5-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டினால், பாகுத்தன்மை எத்தனை மடங்கு என்று தெரியும். அதில் துகள் அளவுக்கு இடமே இல்லை. பொடியைக் குறை சொல்லாதீர்கள்.

ஆய்வகப்பூனை: ஐயா, 1906 கட்டுரையில் 2.5 கிடையாது, வெறும் 1. இயற்பியலாளர் பெர்ரன் ஆய்வகத்து அளவீட்டோடு ஒத்துவராமல் போய், 1911-இல்தான் திருத்தினார்.

மூத்தகுழம்பன்: வருடமா இங்கே கேள்வி? சூத்திரம் சரிதானே.

ஆய்வகப்பூனை: சில சதவீதத் துகள் வரைதான் சரி. எடையில் 70 என்றால், அலுமினாவின் அடர்த்தி ஏறக்குறைய 4 என்பதால், கன அளவில் 37 வரும். உங்கள் சூத்திரம் 2 மடங்குகூடத் தராது. துகள் அடர்ந்த குழம்புக்கான க்ரீகர்-டோகர்ட்டி சூத்திரத்தில் 4 மடங்கு பக்கம். தண்ணீர் 4 மடங்கு தடித்தால் கரண்டி நிற்குமா? துகள்கள் ஒட்டி வலையாகப் பின்னிக்கொண்டிருக்க வேண்டும்.

புதுத்துகள்: எடையில்தான். புதுப்பொடி அரை மைக்ரான், பழையது 3. பிஎச் தாள் 9 பக்கம் காட்டுகிறது. வேகமாகக் கலக்கினால் இளகும், விட்டால் மறுபடி இறுகும்.

துளித்துளி: இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! 9-ஐ ஒட்டித்தான் அலுமினாப் பரப்பின் மின்னேற்றம் பூச்சியமாகும். விலக்குவிசை இல்லை, அதனால் ஒட்டுகின்றன. பொடி நுண்மையாக ஆக, ஒட்டும் இடங்களும் பெருகும். நீர்த்த நைட்ரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டு, கலக்கியபடியே 4-க்கு இறக்குங்கள்.

ஆய்வகப்பூனை: ஜிப்சம் அச்சு என்றால் அமிலம் அரித்துவிடும். துகள்களை ஒட்டவிடாத பாலிமரான அமோனியம் பாலிஅக்ரிலேட் கொஞ்சம் போதும். ஒரேயடியாகக் கொட்டாதீர்கள், மிஞ்சினாலும் தடிக்கும்.

மூத்தகுழம்பன்: பாலிமர் போட்டால் ஐன்ஸ்டீன் கணக்கே பொருந்தாது.

ஆய்வகப்பூனை: முன்னாலும் பொருந்தவில்லையே ஐயா.

புதுத்துகள்: ஜிப்சம் அச்சுதான். பாலிஅக்ரிலேட் போட்டேன், ஓடுகிறது. நன்றி.

துளித்துளி: எவ்வளவு போட்டீர்கள்? அடுத்து வருபவர்களுக்கு உதவும்.

பாதரசம்: குமிழி எடுத்தீர்களா?