புதுப்பிப்பு: அக்காவின் ஹீமோகுளோபின் ஏறிவிட்டது

கர்ப்பப்பைக் கட்டிக்காக அக்காவுக்கு நடக்கவிருந்த அறுவை சிகிச்சை, ஹீமோகுளோபின் 8.4 என்பதால் தள்ளிப்போனதைச் சென்ற மாதம் இங்கே எழுதியிருந்தேன். "ரத்தம் ஏற்றி உடனே முடித்துவிடலாமே" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மயக்க மருந்து மருத்துவர் அதற்குச் சம்மதிக்கவில்லை; காரணத்தைச் சரிசெய்யலாம் என்றார்.

உடலில் சேமித்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் 7 மட்டுமே இருந்தது. 30-க்குக் கீழே போனாலே இரும்புச்சத்துக் குறைபாடுதான். இரும்புச்சத்து மாத்திரை அக்காவின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இரும்புச்சத்து மருந்து 1000 மில்லிகிராமை ரத்தக்குழாய் வழியாகக் கால் மணி நேரத்தில் ஏற்றினார்கள். கட்டியால் ஏற்படும் உதிரப்போக்கைக் குறைக்கவும் மருந்து கொடுத்தார்கள். ஓட்டைப் பானையில் நீர் நிற்குமா?

நான்கு வாரம் கழித்து, நேற்று, 11.6! மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறுகிறாள். வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. முதல் ரத்தப் பரிசோதனையை, அப்போது நடக்கவிருந்த அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பு செய்யாமல், தேதி குறித்த அன்றே செய்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் மட்டும் எனக்குத் தீரவில்லை.